ரிட்டயர்டு ஆன பிறகு வேலூரில் என்ன செய்யலாம்?

பணிநிறைவு விழாவில் சால்வை போர்த்துவார்கள், ஆளுயர மாலை போடுவார்கள், காரில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயது 60. அதற்கப்புறமும் பதினைந்து, இருபது வருடம் நன்றாக நடமாடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வருடங்களை என்ன செய்வது என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. "இனிமே குடும்பத்தோட சந்தோஷமா இருங்க சார்" என்று சொல்லி மைக்கை வைத்துவிடுவார்கள். அடுத்த வாரமே கடைத்தெருவில் கேள்வி வரும்: "இன்னா சார், ரிட்டயர்டு ஆயிட்டீங்களாமே, இப்ப இன்னா பண்றீங்க?"

புதிதாக ஓய்வு பெற்றவர்களுக்கும், பிள்ளைகள் இங்கே வேலை பார்ப்பதால் வயதான காலத்தில் வேலூருக்குக் குடிவந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றுதான். நேரத்தைக் கொல்ல டிவி போதும், அதற்குத் தனியாகப் பொழுதுபோக்கு எதற்கு? ஒருநாள் நாம் போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று ஒருவராவது கேட்கிற காரியமாகத் தேடுங்கள். ஆபீஸில் சம்பளத்தோடு சேர்ந்து நமக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது அதுதான். நம் நாற்காலி காலியாக இருந்தால் யாராவது தேடினார்கள்.

முதல் மூன்று மாதம் பர்ஸைத் திறக்க வேண்டாம்

செட்டில்மென்ட் பணம் கைக்கு வந்ததும் கேமரா, கீபோர்டு, டிரெட்மில் என்று வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். டிரெட்மில்லின் மேல் துணி காயும் வீடுகள் சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் நிறைய உண்டு. இந்தச் சமயத்தில்தான் "சார், உங்களுக்கு இருக்கிற பழக்கத்துக்கு மாசம் இவ்வளவு சம்பாதிக்கலாம்" என்று சங்கிலித் தொழில்காரர்களும் வருவார்கள். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் காகித வேலைகளை முடியுங்கள். கிராஜுவிட்டி, பென்ஷன் உத்தரவு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, வங்கியில் நாமினி, வருடாந்தர நேர்காணலுக்கான தேதி. எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த நேரம் நகர மறுக்கிறது என்று மட்டும் எழுதி வாருங்கள். பெரும்பாலோருக்குக் காலை பத்து மணியிலிருந்து சாப்பாடுவரை ஒரு பள்ளம் இருக்கும். சாயங்காலம் நாலிலிருந்து ஆறுவரை இன்னொன்று. உங்கள் பள்ளம் எங்கே என்று தெரிந்தால்தான் அதை நிரப்ப முடியும்.

வெயிலைக் கேட்டுத்தான் அட்டவணை

வேறு ஊர்க்காரர்கள் எழுதுகிற ஓய்வுக்கால அறிவுரைகளில் இது இருக்காது. நம் ஊரில் மாசி முடிந்ததுமே ஒன்பது மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதனால் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விடியற்காலையில் வெளியே செய்வது. இன்னொன்று நிழலில், ஃபேன் காற்றில் உட்கார்ந்து செய்வது. ஒன்றையொன்று தாங்குகிற ஜோடியாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் பார்த்ததை மதியம் எழுதலாம், படிக்கலாம்.

வீட்டில் பேசிவிடுங்கள்

பெரிய சண்டைகள் ஓய்வுபெற்ற முதல் வருடத்தில்தான் வருகின்றன. நாற்பது வருடமாகப் பகலில் வீட்டில் இல்லாத மனிதர் திடீரென்று சமையலறை வாசலில் நின்று "பருப்புக்கு ஏன் இவ்வளவு தண்ணி?" என்று கேட்டால் அந்த அம்மா என்ன செய்வார்? தான் வீட்டில் இருக்கும் நேரம், இல்லாத நேரம் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு நிலைமை தலைகீழ். டீச்சராகவோ நர்ஸாகவோ ஓய்வுபெற்ற மறுநாளே, "அம்மாதான் இனி வீட்லயே இருப்பாங்களே" என்று பேரப்பிள்ளையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பேரன் செல்லம்தான், சந்தேகமில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு காலை நேரங்களை உங்களுக்கென்று முதல் மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. மகனிடம் கேட்பதைவிட மருமகளிடம் நேராகப் பேசுவது சீக்கிரம் முடிகிறது என்பது நான் பார்த்தவரை உண்மை.

மூன்று கேள்விகள்

எதை எடுத்தாலும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். இதற்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள், நேரம் உண்டா? என்னை எதிர்பார்க்க ஓர் ஆள் உண்டா? என் முட்டியும் சர்க்கரையும் இதற்குச் சம்மதிக்குமா? மூன்றுக்கும் "ஆமாம்" வந்தால் இறங்கலாம். இரண்டு வந்தாலும் முயற்சி செய்யலாம். "இதில் எனக்குத் திறமை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடத்துப் பயம்.

இனி, நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்ப்போம். கோட்டையைச் சுற்றி நடப்பது, கேரம், செஸ் இவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கல்வெட்டு வாசிப்பது

என்னைக் கேட்டால் வடாற்காட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. பணச் செலவு பஸ் கட்டணம்தான். சுற்றிலும் கோயில் சுவர் முழுக்க எழுத்து. விரிஞ்சிபுரம், திருவல்லம், மேல்பாடி, வள்ளிமலை என்று வரிசையாக இருக்கின்றன. பொன்னை ஆற்றங்கரையில் மேல்பாடியில் முதலாம் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக, அதாவது சமாதிக் கோயிலாக, கட்டிய கோயில் நிற்கிறது. தஞ்சாவூருக்கு ஓடுகிற நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கே கால் வைத்ததில்லை.

தொடங்கும் முறை இது. முதலில் வீட்டில் உட்கார்ந்து சோழர் காலத் தமிழ் எழுத்து அட்டவணை ஒன்றை அச்செடுத்து, உங்கள் பெயரை அந்த எழுத்தில் எழுதிப் பழகுங்கள். சில விஷயங்கள் ஆரம்பத்தில் குழப்பும். புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ, ஏ இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஒ, ஓவும் அப்படியே. துணைக்காலையும் ரகரத்தையும் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தொடக்கத்தில் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று கிரந்தத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் மன்னர் பெயரும், "யாண்டு" என்ற சொல்லும், அதையடுத்து ஆட்சியாண்டும் வரும். முதல் மாதம் ஒரு சுவரில் "யாண்டு" என்ற ஒரு சொல்லை மட்டும் தேடுங்கள். அது கண்ணில் பட்டுவிட்டால் மற்றதும் மெல்லப் படும்.

போகும் நேரம் முக்கியம். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலை ஏழரை வாக்கில் வெளிச்சம் சுவர்மேல் சாய்வாக விழும்போது பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். வெயில் படாத சுவராக இருந்தால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். மாவு தடவுவது, சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது எல்லாம் கூடவே கூடாது, கல் கெட்டுவிடும். குருக்களிடமும் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டாவது வாரம் அவர்களே இன்னொரு மூலையைக் காட்டுவார்கள்.

நீங்கள் படித்தது சரியா என்று பார்ப்பதுதான் மதிய வேலை. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் ஹூல்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டு அறிஞர் பதிப்பித்தது. அதிலேயே விரிஞ்சிபுரம், படவேடு, வேலூர்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில், மூலம் தமிழில். விரிஞ்சிபுரத்தில் அதில் வருகிற ஒன்றைச் சொல்கிறேன். விஜயநகரத்துத் தேவராயர் காலம், 1425-ஐ ஒட்டியது. படைவீட்டு (இன்றைய படவேடு) ராஜ்ஜியத்துப் பிராமணர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட தேசத்தார், அதாவது குஜராத் பக்கத்தவர்) எல்லாரும் கூடி, இனிக் கல்யாணம் கன்னிகாதானமாகத்தான் நடக்க வேண்டும், பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும் பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் ராஜ தண்டனை, சாதியிலிருந்தும் விலக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அறுநூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி. நாம் இன்றைக்கும் பத்திரிகை அடிக்கும் முன்னால் அதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதே விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நேரம் காட்டும் கல் ஒன்று உண்டு. அரைவட்டமாக எண்கள் செதுக்கி, குச்சி வைக்க ஒரு பள்ளமும் வெட்டியிருப்பார்கள். ஈர்க்குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. பார்க்கிறவர்கள் எல்லாம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு "கொஞ்சம் தப்பு" என்பார்கள். கல்லின் துல்லியம் ஒருபக்கம் இருக்கட்டும், சூரியனே நம் கடிகாரப்படி நடப்பதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. வேலூர் ஏறக்குறைய 79 டிகிரியில் இருப்பதால் சூரியன் நமக்குச் சுமார் பதின்மூன்று, பதினான்கு நிமிடம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. அதோடு பருவத்துக்குத் தக்க ஏற்ற இறக்கமும் சேரும். பிப்ரவரி நடுவில் உச்சிவேளை 12.28 வாக்கில். நவம்பர் தொடக்கத்தில் 11.57 வாக்கில். கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள் மொட்டைமாடியில் ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு, வாரம் ஒருநாள் நிழல் மிகக் குட்டையாகும் நிமிடத்தைக் குறித்து வந்தால் ஒரு வருடத்தில் இது முழுக்கக் கைக்கு வந்துவிடும். பேரனின் அறிவியல் கண்காட்சிக்கும் ஆச்சு.

தனியாகப் போகாதீர்கள். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத என்று இரண்டு பேராவது வேண்டும். "வியாழக்கிழமை காலை திருவல்லம்" என்று நாள் குறித்துவிட்டால், நான் முதலில் சொன்ன "ஏன் வரலை?" தானாக வந்துவிடுகிறது. வள்ளிமலைக்கு மட்டும் படிக்கட்டைப் பார்த்துவிட்டு முட்டியைக் கேட்டு முடிவெடுங்கள்.

ஏரியும் பறவையும்

சதுப்பேரி, கழிஞ்சூர் ஏரி, ஓட்டேரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கிற வருடமானால் மாசிவரைக்கும் பறவைக் கூட்டம் இருக்கும். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியாகப் பார்த்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரம் இரண்டு நாள் அதே கரையில் அதே நேரத்தில் நில்லுங்கள். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களைவிட ஒரே ஏரியை மூன்று வருடம் பார்த்தவருக்குத்தான் விஷயம் தெரியும்.

முதலில் பெரிய பறவைகள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற அலகோடு நத்தைகுத்தி நாரை நிற்கும். அப்புறம் தண்ணீரில் நீந்தும் கறுப்பு உருவங்கள். நெற்றியும் அலகும் வெள்ளையாக இருந்தால் நாமக்கோழி. அலகு சிவந்து நுனி மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. சட்டென்று முழுகி வேறெங்கோ எழுந்தால் முக்குளிப்பான். இந்த மூன்றையும் கண்ணாடி போடாமல் பிரிக்க வந்துவிட்டது என்றால் நீங்கள் பாஸ். பார்த்ததை இ-பேர்ட் செயலியில் நேரத்தோடு பதியலாம், இலவசம். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. புதியவர்கள் சேர அதுதான் நல்ல வாசல். பதினைந்து நிமிடம் பார்த்துப் பதிந்தாலும் கணக்கில் சேரும்.

பைனாகுலரை நாலு மாதம் கழித்து வாங்கினால் போதும். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) என்று கேளுங்கள். பத்து மடங்கு என்று கடைக்காரர் தூக்கிக் காட்டுவார். நம் வயதுக் கைக்கு அது ஆடும்.

மாடியில் முள்ளுக் கத்தரி

இதை எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் செய்வார்கள், பங்குனியில் எல்லாச் செடியும் கருகும். ஆடியில் ஆரம்பியுங்கள், சித்திரையில் ஆசைப்படாதீர்கள். மொட்டைமாடிக்குப் பாதி நிழல் தருகிற பச்சை வலை இல்லாமல் நம் ஊரில் கோடையைத் தாண்ட முடியாது. தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் சமமாகக் கலந்து, பைக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

பத்து வகை வேண்டாம். நம் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதிலேயே நாலு பை வையுங்கள். காம்பில் முள் குத்தும், குழம்பில் அதற்கு ஈடு கிடையாது. கொழுந்து திடீரென்று வாடித் தொங்கினால் தண்டுக்குள் புழு. வாடிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே நறுக்கி, மண்ணில் போடாமல் அழித்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருகிய இலை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள். செடிக்கு ஒரு குறை உண்டு, "ஏன் வரலை?" என்று அது வாடித்தான் கேட்கும். அதனால் விதை மாற்றிக்கொள்ள தெருவில் இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

வங்காளம் கற்றுக்கொள்ளலாம்

காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைப் பலகைகளில் பாதி வங்காள எழுத்து. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு இன்று கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். கையில் ஃபைல், முகத்தில் கலவரம், மொழி தெரியாது. வேறெந்த ஊரிலும் ஒரு புது மொழியைப் பேசிப் பார்க்க இவ்வளவு பேர் வாசலிலேயே நிற்க மாட்டார்கள்.

தினம் அரை மணி நேரம் செல்போனில் பாடம் கேளுங்கள். "ஆப்னி கோத்தாய் ஜாபேன்?", நீங்கள் எங்கே போக வேண்டும், என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். வழி, விலை, சாப்பாடு, பஸ், இவ்வளவு பேச ஒரு வருடம் போதும். ஆனால் தெருவில் நின்று வலியப் போய்ப் பேசினால் புரோக்கர் என்று நினைப்பார்கள், நினைப்பதும் நியாயம். தெரிந்த லாட்ஜ்காரரிடமோ டீக்கடைக்காரரிடமோ சொல்லி வைத்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் அங்கே உட்காருங்கள். அவர்களே ஆள் அனுப்புவார்கள். காசு வாங்காதீர்கள், அவர்கள் பணத்தைக் கையில் தொடாதீர்கள், ஃபைலைப் பிரித்து வைத்தியம் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரி விஷயம் எதுவானாலும் அங்கிருக்கும் விசாரணைக் கவுன்ட்டரைக் கைகாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு

பங்குனியிலிருந்து ஆடிக்குள் ஏதாவதொரு ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில் வளைப்பில் ஆரம்பித்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறி, கர்ண மோட்சம் போய், படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்துக் கிடப்பதுவரை முழுசாக ஒரு ஊரில் கேட்டுப் பாருங்கள். ராத்திரிக் கண்விழிப்பு உடம்புக்கு ஆகாது என்றால் பகல் பிரசங்கம் மட்டும் போதும். பாட்டையும் வசனத்தையும் எழுதி வையுங்கள். கூத்து வாத்தியாரே உங்களை முன்வரிசைக்குக் கூப்பிடுவார்.

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. பொதுமக்களைக் குறிப்பிட்ட நாளில் அனுமதிப்பார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். மேகம் இல்லாத, நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். ஒருமுறை போய் வந்தால் வீட்டு மாடியிலிருந்தே வியாழனையும் வெள்ளியையும் அடையாளம் காணத் தோன்றும்.

விடவும் தெரிய வேண்டும்

எதையும் மூன்று மாதம் செய்து பாருங்கள். அதற்குள் சங்கம் ஆரம்பிக்கலாம், நீங்கள்தான் செயலாளர் என்று யாராவது கிளம்புவார்கள். கணக்கு, ரசீது, பொதுக்குழு என்று மறுபடி ஆபீஸ் ஆகிவிடும். முதல் வருடம் எந்தப் பதவியும் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு வேண்டுமானால் அடுத்த சந்திப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்பதற்கு மட்டும் இருக்கட்டும். காலை வணக்கப் படம் போட ஆரம்பித்தால் ஏரிக்கு யாரும் வர மாட்டார்கள்.

மூன்று மாதம் முடிந்தும் அந்த நாள் வந்தால் காலையில் எழவே மனமில்லை என்றால், கூட வருகிறவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடலாம். கல்வெட்டுக்காரர் பறவைக்குப் போகலாம், கத்தரிக்காய்க்காரர் வங்காளம் படிக்கலாம். புது நோட்டுகூட வேண்டாம், பழையதையே பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தால் ஆச்சு.